மாடியில் எடுத்த போட்டோ

வீட்டு மாடியில் சோலார் தகடுகளைப் பொருத்தி முடித்ததும் கடைசியாக ஒரு சோதனை உண்டு. வீட்டுக்கு வரும் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த கணத்திலேயே சோலாரும் தானாக நின்றுவிட வேண்டும். மேலே வெயில் மண்டையைப் பிளந்தாலும் சரி, கீழே ஒரு பல்புகூட எரியக் கூடாது. அப்படி நின்றால்தான் வேலை சரி, படிவத்தில் கையெழுத்துப் போடலாம்.

இந்தச் சோதனையை வீட்டுக்காரர் கண்ணில் படாமல் முடிப்பதுதான் தகடு பொருத்தும் கம்பெனியின் சாமர்த்தியம். பார்த்துவிட்டால் சும்மா இருப்பாரா? வெளியே இவ்வளவு வெயில் அடிக்கிறதே, வீட்டில் ஏன் கரண்ட் இல்லை என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால், பேட்டரியும் சேர்த்துப் போட்டால்தான் கரண்ட் போகும்போது உதவும், அதற்கு ஏறக்குறைய இன்னொரு மடங்கு செலவாகும் என்ற உண்மை வெளியே வந்துவிடும். வந்த ஆட்களில் பாதிப் பேர் அதோடு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே மேனேஜர் ஒரு வழி வைத்திருந்தார். சோதனை நேரத்தில் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் மாடிக்குக் கூட்டிப்போய், தகடுகளுக்கு முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் சிரிங்க, இன்னொன்று எடுத்துக்கலாம் என்று பத்து நிமிடத்தை ஓட்டிவிடுவார். கீழே ஃபிட்டர் தனியாக நின்று சுவிட்சை அணைத்து, பார்த்து, மறுபடியும் போட்டு, காதும் காதும் வைத்தாற்போல வேலையை முடித்துவிடுவான்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. சில வீடுகளில் மைக்ரோவேவ் அடுப்பு இருக்கும். கரண்ட் போய் வந்தால் அதன் கடிகாரம் நேரத்தைத் தொலைத்துவிட்டுப் பன்னிரண்டில் நின்று மின்னும். வீட்டுக்காரர் இறங்கி வருவதற்குள் அதைச் சரியான நேரத்துக்குத் திருத்திவிட வேண்டும்.

அந்த ஃபிட்டரைத் தெருவில் வெயில்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வெயிலை விற்றுப் பிழைக்கிறவன் என்று யாரோ கிண்டலாக வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. வயது நாற்பத்தாறு. கழுத்தும் முன்னங்கையும் கறுத்து, சட்டை மறைத்த இடம் மட்டும் வேறு ஆளுடையதைப் போல வெளுத்திருக்கும். சோலாருக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் மின்கம்பங்களில் ஏறி வேலை பார்த்தவன். கூட ஏறுகிற கூட்டாளி ஒருவர் இருந்தார். ஒருநாள் கம்பியில் கரண்ட் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அவர் மேலே ஏறினார். பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் ஜெனரேட்டரை ஓட்டினான். அது வீட்டோடு நிற்காமல் தெருக்கம்பிக்குள் புகுந்தது. கூட்டாளியைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டியிருந்தது.

அதனால் சோலார் ஏன் நின்றுபோக வேண்டும் என்பது அவனுக்கு யாரையும்விட நன்றாகத் தெரியும். தெருவில் கரண்ட் போயிருக்கும்போது ஒவ்வொரு மாடியும் தன் பாட்டுக்குக் கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ளினால், கம்பத்தில் ஏறுகிறவன் உயிரோடு இறங்க மாட்டான். அந்த விதி நியாயமான விதி. அதை மறைப்பதற்குப் போட்டோ எடுத்தது மட்டும்தான் நியாயமில்லை. இவனோ, விதி நியாயமானதுதானே என்று சொல்லிச் சொல்லியே அந்த இன்னொன்றை விழுங்கிக்கொண்டான். ஒன்றல்ல, இருநூறு வீடுகளில்.

விற்கப் போனால் வாய் சும்மா இருக்காது. தகட்டில் வெளிச்சம் படுகிறது, உள்ளே இருக்கும் சிலிக்கனில் மின்சாரம் கிளம்புகிறது, ஆனால் அது ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம், வீட்டுச் சாமானுக்கு ஆகாது, ஆகவே சுவரில் மாட்டியிருக்கிற இந்தப் பெட்டி தெருக்கம்பியின் துடிப்பைக் கேட்டு அதே தாளத்துக்கு, நொடிக்கு ஐம்பது துடிப்பாக, மாற்றித் தருகிறது, வீட்டுக்குப் போக மிஞ்சியதைத் தெருவுக்கு அனுப்புகிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்குவான். புகை கிடையாது, சத்தம் கிடையாது, எண்ணெய் ஊற்ற வேண்டாம் என்பான். குறைகளையும் சொல்வான். இரவில் வேலை செய்யாது, மேகம் மூடினால் பாதிக்கும் கீழே போய்விடும், தூசி படிந்தால் கழுவ வேண்டும், வெளிச்சம்தான் வேண்டுமே தவிர வெப்பம் ஏற ஏற உற்பத்தி குறையும் என்று ஒளிக்காமல் சொல்வான். அதனாலேயே அவனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. நாலு குறையைத் தானாகச் சொன்னவன் ஐந்தாவதை மறைப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

அவனுக்கு ஒரே அக்கா. அத்தான் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருடம் நின்றவர். ஓய்வு பெற்று வந்தபோது கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்தார்கள், நெஞ்சுக்குள் கரித்தூளைக் கொடுத்திருந்தார்கள். இரண்டே வருடத்தில் படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் வந்தது. காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மெஷின். அது ஓடக் கரண்ட் வேண்டும். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கப் போய் மூச்சைத் தொலைத்தவர், கடைசியில் மூச்சு விடுவதற்கே கரண்டை நம்பிக் கிடந்தார். கரண்ட் போனால் அந்த மெஷினுக்கு மட்டும் உதவ மாடிப்படிக்கு அடியில் ஒரு யூபிஎஸ்ஸும் இரண்டு பேட்டரிகளும் இருந்தன. பேட்டரி பழசு, ஆனாலும் மூன்று மணி நேரம் தாங்கும்.

சோலார் போடலாம் என்று இவன் சொன்னதும் அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மனிதர் அரைகுறையாக எதையும் விடமாட்டார். காற்றாலை ஏன் கூடாது என்று கேட்டார். காற்று அதற்குத் தோன்றினால்தான் அடிக்கும், நமக்கு வேண்டியபோது அடிக்காது, வீட்டு மாடிக்கு அது சரிப்படாது என்றான். அணைத் தண்ணீர் எப்படி என்று கேட்டார். ஓடுகிறவரைக்கும் அதைப்போல ஒன்று கிடையாது, ஆனால் மழை பொய்த்தால் படுத்துவிடும், அணை கட்டும்போது நாலு ஊர் தண்ணீருக்குள் போய்விடும் என்றான். அத்தான் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்.

"கரி அப்படி இல்ல மாப்ளே. வான்னா வரும், நில்லுன்னா நிக்கும். அவ்வளவு விசுவாசம். ஆனா போகும்போது நம்மளையும் கூட்டிட்டுத்தான் போகும்."

அக்கா அடுப்படியிலிருந்து, வாயைக் கழுவுங்கள் என்று சத்தம் போட்டாள். அத்தான் சிரித்துவிட்டு, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார்.

"சரி, கரண்ட் போச்சுன்னா?"

"அதெல்லாம் பெட்டியே பாத்துக்கும் அத்தான்."

இருநூறு வீட்டில் சொன்ன பதில். நாக்கு கூசவில்லை, பழகிய நாக்கு. அந்த மாதம் பத்து வீடு பிடித்தால் சூப்பர்வைசர் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அக்கா வீடு பத்தாவது. பேட்டரிக் கதையைச் சொன்னால் அத்தான் யோசிப்பார், மாதம் முடிந்துவிடும். யூபிஎஸ்தான் இருக்கிறதே, என்ன ஆகிவிடப் போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். தனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானத்துக்கு எப்போதும் பஞ்சமே கிடையாது.

வேலை முடிந்த நாளில் மேனேஜர் வந்தார், எல்லோரும் மாடிக்கு என்றார். அக்கா தயங்கினாள். இவருக்குப் படி ஏற முடியாதே, கீழேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமே என்றாள். மேனேஜர் இவனைப் பார்த்தார். அத்தான் கட்டில் மேலேயே இருந்தால் மின்விசிறி நிற்பதைப் பார்ப்பார். இவன்தான் அத்தானிடம் போய், உங்கள் வீட்டுச் சூரியனை நீங்களே வந்து பார்க்காவிட்டால் எப்படி என்றான். அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் தோளில் மாட்டிவிட்டான். பதினெட்டுப் படி. அத்தான் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். ஏறி முடித்ததும் கம்பெனிக்காரர்களுக்குக் கேட்கும்படி, என் மச்சினன் போட்டது என்றார்.

இவன் கீழே வந்து மெயினை அணைத்தான். மின்விசிறி தளர்ந்து நின்றது. பெட்டியின் பச்சை விளக்கு சிவப்பானது. எல்லாம் ஒழுங்காக நின்றது, வேலை சுத்தம். மறுபடியும் போட்டுவிட்டு, மைக்ரோவேவ் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது, அத்தானுக்குத் தண்ணீர் எடுக்க அக்கா முன்னதாகவே இறங்கி வந்துவிட்டாள். அங்கே என்னடா செய்கிறாய் என்று கேட்டாள். நேரம் இரண்டு நிமிடம் பின்னால் ஓடியது, சரி செய்தேன் என்றான். அடுத்த ஒரு வாரம் அக்கா பார்த்தவர்களிடமெல்லாம், என் தம்பி கடிகாரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை, அவ்வளவு அக்கறை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் கழித்து அங்கே சாப்பிடப் போனபோது மாடிப்படிக்கு அடியில் செருப்புகளும் குடைகளும் இருந்தன. யூபிஎஸ் எங்கே என்று கேட்டான். பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டோம் என்றாள் அக்கா. ஆசிட் ஒழுகித் தரையெல்லாம் அரிக்கிறது, அதுதான் மாடியிலேயே கரண்ட் இருக்கிறதே, இந்தச் சனியன் எதற்கு என்று அத்தான் சொன்னாராம். பகலில்தான் இந்தப் பக்கம் கரண்ட் போகிறது, பகலில் வெயிலுக்கா பஞ்சம் என்றாராம். இப்போதே சொல்லிவிடலாம் என்று வெயில்காரன் வாயைத் திறந்தான். அப்படியானால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். சூப்பர்வைசர் ஆகி ஒரு மாதம் ஆகியிருந்தது. சட்டைப் பையில் பெயர் தைத்த சட்டைதான் போட்டிருந்தான். கம்பெனிக் கிடங்கிலிருந்து ஒரு பேட்டரியைக் கொண்டுவந்து ஏதாவது சாக்குச் சொல்லி வைத்துவிடலாம், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். கை கழுவிக்கொண்டு புறப்பட்டான். அடுத்த வாரம் வேலை நெருக்கடி. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். சோலார் போட்டதிலிருந்து அந்தத் தெருவில் ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை என்பதால் அவசரமும் தெரியவில்லை.

கோடை முற்றிய ஒரு நாள், பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, அக்கா தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. எல்லா வீட்டிலும் ஏசி ஓடிய சூட்டை அது தாங்கவில்லை. அத்தானின் மெஷின் நின்றது. அக்கா பதறவில்லை. பதறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிலிண்டரை எடுத்து மாட்டினாள். அது நாற்பது நிமிடம் தாங்கும். பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். கண்ணைக் கூசுகிற வெயில். இவ்வளவு வெயில் இருக்கும்போது கரண்ட் வராமல் எங்கே போகும், ஏதோ சுவிட்ச்தான் போடாமல் இருக்கிறது என்று முடிவு கட்டினாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய அந்த நாற்பது நிமிடத்தில், பெட்டியில் இருந்த ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்துக்கொண்டு, தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பி ஊரின் இன்னொரு கோடியில், ஒரு மாடியில் குனிந்து போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். போன் கீழே சாமான் பையில் இருந்தது. தண்ணீர் குடிக்க இறங்கியபோது மணி பன்னிரண்டரை. பதினேழு அழைப்பு. திரும்பக் கூப்பிட்டான்.

"கரண்ட் இல்லடா. வெயில் நல்லா அடிக்குது. பெட்டில செவப்பா ஒரு லைட் எரியுது. எந்த சுவிட்சப் போடணும்?"

"அக்கா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"அது இருக்கட்டும், முதல்ல சுவிட்ச சொல்லு. சிலிண்டர் முடியப்போகுது."

"சுவிட்ச் எதுவும் இல்லக்கா. கரண்ட் போனா அதுவும் ஓடாது."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

வண்டியை விரட்டிக்கொண்டு போனான். அக்கா தெருமுனையில் ஒரு லைன்மேன் கம்பத்தின் மேல் உட்கார்ந்து, கையுறைகூடப் போடாமல் கம்பியைப் பிடித்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் ஆறு மாடிகளில் சோலார் இருந்தது. எல்லாம் இவன் போட்டவை, எல்லாம் ஒழுங்காக நின்றிருந்தன. அந்த லைன்மேன் அன்று சாயங்காலம் தன் வீட்டுக்கு நடந்து போனான். அத்தான் உயிரோடு ஆஸ்பத்திரி வாசலைத் தொடவில்லை. இரண்டேகால் மணிக்குத் தெருவில் கரண்ட் வந்தது. ஆளில்லாத வீட்டில் மெஷின் தானாகக் கிளம்பி, கட்டில் மேல் கிடந்த குழாய் வழியாக ஆக்சிஜனை ஊதிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துதான் நிறுத்தினார்கள்.

அக்கா அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களிடம் கரண்ட் ஆபீஸ்காரர்களைத்தான் சபித்தாள். அவர்கள் கை விளங்காமல் போகட்டும் என்றாள். என் தம்பி எவ்வளவோ செய்துகொடுத்தான், எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றாள். இவன் தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒரு ஓரத்தில் மனது ஆறுதல்கூட அடைந்தது. அதற்காகத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

சுவரில் மாட்டப் படம் வேண்டும் என்றபோது, சமீபத்தில் எடுத்த நல்ல படம் ஒன்றுதான் இருந்தது, அந்த மாடிப் படம். ஸ்டூடியோக்காரர் பின்னால் இருந்த நீலத் தகடுகளை எடுத்துவிடவா என்று கேட்டார். இருக்கட்டும், அவருக்குப் பிடித்தது என்றாள் அக்கா. சட்டம் போட்டு வந்தது. அத்தான் வாயைத் திறந்து சிரிப்பதாக எல்லோரும் சொன்னார்கள். அது சிரிப்பில்லை, பதினெட்டுப் படி ஏறி மூச்சு வாங்கியது என்று வெயில்காரனுக்கு மட்டும் தெரியும்.

வேலைக்குத் திரும்பியபின் அவன் ஒன்றை மாற்றினான். சோதனையின்போது வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டான். அணைத்துக் காட்டி, இது இப்படித்தான் நிற்கும், பேட்டரி இல்லாமல் உதவாது, கம்பத்தில் ஏறுகிறவனுக்காக இப்படி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னான். முதல் ஆள் ஒரு வங்கி ஊழியர். நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். இரண்டு நாளில் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதமே அவர் வீட்டு மாடியில் வேறு கம்பெனித் தகடு ஏறியது. அந்தக் கம்பெனியின் விளம்பரப் பலகையில் அவரும் குடும்பமும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

"நான் என்ன உன்னைப் பொய்யா சொல்லச் சொன்னேன்? போட்டோதானய்யா எடுக்கச் சொன்னேன்."

சூப்பர்வைசர் சட்டை போயிற்று. தகடு கழுவும் வேலைக்குப் போட்டார்கள். வாளியும் துடைப்பமுமாக, தான் போட்ட மாடிகளுக்கே போய்த் தூசி கழுவினான். இதுதான் எனக்குச் சரியான கூலி என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைப்பதிலும் ஒரு சொகுசு இருக்கத்தான் செய்தது. யாரிடமும் எதையும் சொல்லாமலே தண்டனை அனுபவித்துவிடலாம் அல்லவா?

மூன்று மாதம் கழித்து ஒரு காலைநேரம் அக்கா வரச் சொன்னாள். போகிற வழியெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனான். அக்கா அடுப்படியில் மைக்ரோவேவுக்கு முன்னால் நின்றிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"போன வாரம் ரெண்டு தடவ கரண்ட் போச்சு. வந்ததும் ரெண்டு தடவையும் இது பன்னெண்டுல நின்னு மின்னுச்சு," என்றாள்.

அவன் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அன்னைக்கு நான் தண்ணி எடுக்க வந்தப்ப நீ இதத்தான் திருத்திக்கிட்டு நின்னே. எங்கள மேல அனுப்பிட்டு கீழ என்ன பண்ணினியோ, அத இப்ப பண்ணு. நான் பாக்கணும்."

அவன் போர்டைத் திறந்து மெயினை அணைத்தான். மின்விசிறி தளர்ந்து நின்றது. ஃபிரிஜ் ஒரு முனகலோடு அடங்கியது. பெட்டியில் பச்சை போய்ச் சிவப்பு வந்தது. அக்கா ஜன்னலைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவரில் வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்க்கா."

"இத அவரு பாத்திருந்தா அந்த பேட்டரிய வித்திருக்க மாட்டாரு."

அக்கா அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"சொல்லாம விட்டே, சரி. ஏதோ உன் பொழப்பு. ஆனா மூச்சு விட முடியாத மனுஷன, அவரு கண்ணுல படக்கூடாதுன்னு பதினெட்டுப் படி ஏத்தினியேடா."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செய்ய வேறொன்றும் தெரியாமல் மெயினைப் போட்டான். மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. மைக்ரோவேவில் பன்னிரண்டு என்று மின்னியது. இருநூறு வீட்டுப் பழக்கம், கை தானாக அந்தப் பொத்தானுக்குப் போனது.

அக்கா அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள்.

"அதத் தொடாத," என்றாள்.